தனியே வெளிநாடு போகலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்று, பேசிவைத்துக்கொண்டு எழுதியதைப் போல ஒரே விஷயத்தைக் கேட்கின்றன. மும்பையின் மாதுங்காவிலிருந்து ஒன்று, முலுண்டிலிருந்து ஒன்று, நவி மும்பையிலிருந்து ஒன்று. வாழ்க்கையில் பெரிய மாறுதல் ஒன்று நேர்ந்தபின் தனியே வெளிநாடு சென்று வரலாமா என்பதுதான் மூன்றிலும் உள்ள கேள்வி. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் வயது 58. 1990-இல் திருமணமாகிக் கும்பகோணத்திலிருந்து மாதுங்காவுக்கு வந்தேன். கணவர் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றதும் இருவரும் வெளிநாடு போய் வரலாம் என்று பாஸ்போர்ட் எடுத்தோம். அதற்குள் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. பதினாறு மாதங்களுக்கு முன் காலமாகிவிட்டார். என் பாஸ்போர்ட்டில் இன்றுவரை ஒரு முத்திரைகூட விழவில்லை. மகள் புனேயிலும் மகன் டொராண்டோவிலும் இருக்கிறார்கள். எனக்கு இப்போது பத்துப் பன்னிரண்டு நாள் எங்காவது தனியாகப் போய் இருந்துவிட்டு வர வேண்டும் என்று தோன்றுகிறது. மகன் கனடாவுக்குக் கூப்பிடுகிறான். அங்கே போனால் மறுபடியும் சமையலறைக்குள்தான் போவேன். மகள், "நானும் வருகிறேன் அம்மா" என்கிறாள். நாத்தனார், "அப்படியென்றால் காசிக்குப் போய் வாயேன்" என்கிறார். தமிழ் படித்த கொழுந்தனாரோ, 'முந்நீர் வழக்கம் மகடூஉவோடு இல்லை' (பெண்ணோடு கடற்பயணம் இல்லை) என்று தொல்காப்பியத்தையே சொல்லி வாயை அடைத்துவிட்டார். முதல் திதி முடிந்து நான்கு மாதம்தானே ஆகிறது என்று மற்றவர்கள் பேசுவதும் காதில் விழுகிறது. எனக்குப் பணவிஷயம் எதுவும் தெரியாது. வங்கியின் ஓ.டி.பி. எல்லாம் இன்னும் அவருடைய போனுக்குத்தான் வருகிறது. அதற்காகவே மாதாமாதம் அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்து வருகிறேன். என் ஆசை தன்னலமா? போனால் என்னை நானே கண்டுபிடித்துக்கொள்வேனா? — *வாசகி, மாதுங்கா*

பதில்: சகோதரி, நீங்கள் போகலாம், போக வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் உங்கள் கடைசி வினாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்; அதில் தவறான நம்பிக்கையோடு கிளம்பினால் மூன்றாம் நாளே மனம் உடைந்து திரும்பி வரத் தோன்றும்.

2011-ஆம் ஆண்டு, என்னுடைய 41-ஆவது வயதில், திருமணம் முறிந்த ஏழாவது மாதம் நான் தனியாக இலங்கைக்குப் போனேன். கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்திலிருந்து கண்டிக்குப் போகும் ரயிலில் எனக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்திருந்தது. நான் ஏறி, பையை மேலே வைத்துவிட்டு, அதற்கு அடுத்த இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன். கால் மணி நேரம் கழித்து வந்த பரிசோதகர் என் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு விரலால் ஜன்னலைக் காட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. பதினேழு வருடங்களில் எந்தப் பயணத்திலும் நான் ஜன்னலோரம் உட்கார்ந்ததே இல்லை. முதலில் கணவர், பிறகு மகன். நகர்ந்து உட்கார்ந்தேன். மலையேறும் வழி முழுவதும் வெளியே பார்த்துக்கொண்டு போனேன் என்று எழுத ஆசைதான், ஆனால் பாதி வழி அழுதுகொண்டுதான் போனேன்.

கண்டியில் ஒன்பது நாள் இருந்தேன். எத்தனை மணிக்கு எழுவது, எங்கே சாப்பிடுவது, மாலையில் கோயிலுக்குப் போவதா அறையிலேயே இருப்பதா என்று ஒன்றுக்கும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. முதல் மூன்று நாள் அது சுகமாக இல்லை, தண்டனையாகத்தான் இருந்தது. உணவகத்தில் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த நேரம் உண்டு. நான்காம் நாள் காலையில் ஊர் நடுவே உள்ள ஏரியைச் சுற்றி நடந்தேன். கண்டியின் கடைசி அரசன் 1807-இல் வெட்டுவித்த ஏரி அது. சுற்றி வர மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆகும். மறுநாள் வழிகாட்டிப் புத்தகம் பேராதனைப் பூங்காவுக்குப் போகச் சொன்னது. நான் போகவில்லை, ஏரியையே மறுபடியும் சுற்றினேன். பிறகு ஊர் திரும்பும்வரை தினமும் அதையேதான் செய்தேன். புதிய இடங்களை வரிசையாகப் பார்ப்பதைவிட ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்தமானது என்று நாற்பத்தொரு வயதில் தெரிந்துகொண்டேன். கண்டுபிடித்தது அவ்வளவுதான். ஆனால் அப்படிச் சிறிய முடிவுகளை நாளைக்கு இருபது முப்பது எடுத்து எடுத்து, முடிவெடுக்கும் பழக்கம் எனக்குத் திரும்பி வந்தது. மும்பையின் செம்பூரில் தனியாக வீடு பார்த்துக் குடியேறும் துணிவை அந்தப் பழக்கம்தான் கொடுத்தது. தனிப் பயணத்திடம் நீங்கள் எதிர்பார்க்கக்கூடியதும் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். துயரத்தை அது தீர்க்காது. விமானத்தில் உங்களோடு துயரமும் ஏறித்தான் வரும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் பயணம் விமான நிலையத்தில் தொடங்கப்போவதில்லை. வங்கிக் கிளையில்தான் தொடங்கப்போகிறது. கணவரின் எண்ணுக்கு ஓ.டி.பி. வந்துகொண்டிருக்கும்வரை, வெளிநாட்டில் நீங்கள் பணம் செலுத்த வேண்டுமென்றால் அவருடைய போனையும் சுமந்துகொண்டு போய், அதற்கும் ரோமிங் போட்டு, அது சார்ஜில் இருக்கிறதா என்று கவலைப்பட வேண்டியிருக்கும். இறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், பான் அட்டை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு கிளைக்கு நீங்களே செல்லுங்கள். கணக்கிலிருந்து அவர் பெயரை நீக்குவதற்கும், உங்கள் எண்ணைப் பதிவு செய்வதற்கும், உங்கள் பெயரில் புதிய டெபிட் அட்டை பெறுவதற்கும் எழுதிக் கொடுங்கள். மகள் கூட வரலாம், ஆனால் கவுண்டரில் பேசுவது நீங்களாக இருக்கட்டும். 2020 முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி புதிய அட்டைகள் உள்நாட்டில் மட்டுமே வேலை செய்யும்படிதான் வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமாகத்தான் இயக்கிக்கொள்ள வேண்டும். அதையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கண்டியில் என் கையிலிருந்த ஒரே அட்டையை ஏ.டி.எம். ஏற்க மறுத்ததால் இரண்டு நாள் பன்னும் தேநீருமாகக் கழித்தேன். தங்கியிருந்த வீட்டுக்காரம்மா வாடகையைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னதால் தப்பித்தேன். அதனால் வங்கி அட்டை ஒன்று, பணம் ஏற்றி வைத்துக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று, கொஞ்சம் ரொக்கம் என்று மூன்றையும் மூன்று இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய எண்ணை நிறுத்துவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அந்தப் போனில் அவருடைய குரல் பதிவுகளும் செய்திகளும் இருக்கும். அவற்றை உங்கள் போனுக்கோ கணினிக்கோ மகளைக் கொண்டு நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரீசார்ஜ் நின்றால் சில காலம் கழித்து அந்த எண் வேறொருவருக்குப் போய்விடும். போன் உங்களிடமே இருக்கட்டும். எண்ணை விடுவதற்கு மனம் வரவில்லையென்றால் இன்னும் ஆறு மாதம் ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள், அதில் தவறேதுமில்லை. உங்கள் பணத்தின் சாவி மட்டும் அதில் இருக்க வேண்டாம்.

பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் இருப்பதைப் பற்றி யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். பயணத்துக்கு அது தடையில்லை. அடுத்த முறை புதுப்பிக்கும்போது இறப்புச் சான்றிதழை இணைத்து விவரத்தை மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் பார்க்க வேண்டியது, நீங்கள் நாட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது அது செல்லுபடியாகிறதா என்பதைத்தான். குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர் என்றால், நவம்பரில் வாழ்வுச் சான்றிதழ் கொடுக்கும் வேலையையும் கணக்கில் வைத்துத் தேதியை முடிவு செய்யுங்கள்.

அடுத்தது ஒத்திகை. ஒரு காலை வேளையில் மாதுங்காவிலேயே ஏதாவது ஒரு உடுப்பி ஹோட்டலுக்குத் தனியாகப் போய்ச் சாப்பிடுங்கள். அங்கே கூட்ட நேரத்தில் முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம்தான். தனியாக உட்கார்ந்திருக்கிறோமே என்ற கூச்சம் சீக்கிரம் போய்விடும். பிறகு நேரல் வரை லோக்கல் ரயிலில் போய் மாதேரானில் ஓரிரவு தனியாகத் தங்கிவிட்டு வாருங்கள். நேரலிலிருந்து மாதேரானுக்கு, 1907-இல் போடப்பட்ட குறுகிய பாதையில் ஒரு சின்ன ரயில் மலையேறுகிறது. மழைக்காலத்தில் முழுத் தூரமும் ஓடாது என்பதால் அதற்குப் பின் போவது நல்லது. மேலே மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லை, ஆகவே சத்தமில்லாத ஊர். அந்த இரவு எப்படிக் கழிகிறது என்று பாருங்கள். கதவைத் தாழிட்டபின் பயம் வந்தாலும், விடியற்காலையில் அழுகை வந்தாலும், புனேவிலிருந்து மகள் மூன்று மணி நேரத்தில் வந்துவிடும் தூரத்தில் அது நடப்பது நல்லது.

எந்த ஊருக்கு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முதல் பயணத்துக்கு மலேசியாவின் பினாங்கு உங்களுக்குப் பொருந்தும். மும்பையிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. அங்கிருந்து பினாங்குக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். ரயிலில் போனால் பட்டர்வொர்த் வரை ஏறத்தாழ நான்கு மணி நேரம், பிறகு படகில் நீரிணையைக் கடக்க வேண்டும். நான் படகைத்தான் சொல்வேன். ஜார்ஜ் டவுன், 2008-இல் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நகரம். நடந்தே பார்க்கலாம். குவீன் ஸ்ட்ரீட்டில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. அதிலிருந்து சில நிமிட நடையில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் கட்டிய கப்பித்தான் கெலிங் மசூதியும், சீனக் கோயில்களும் இருக்கின்றன. ஊருக்கு வெளியே தண்ணீர்மலையில் முருகன் கோயில். கடைப் பலகையில் தமிழ் எழுத்தைப் பார்ப்பீர்கள். வழி கேட்டால் தமிழில் பதில் வரும். வெளிநாடாகவும் இருக்க வேண்டும், வாய் திறந்து பேசவும் முடிய வேண்டும் என்றால் இதைவிடத் தோதான ஊர் எனக்குத் தெரியவில்லை. திரும்பும் வழியில் கோலாலம்பூரில் ஒரு நாள் தங்கினால், ஊர் ரயிலிலேயே பத்துமலைக்குப் போய் 272 படிகளை ஏறிவிட்டு வரலாம்.

இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவுக்குள் நுழையலாம் என்ற சலுகை 2023 டிசம்பரில் தொடங்கியது. காலவரையறை உள்ள சலுகை என்பதால், டிக்கெட் வாங்கும் முன் அது அப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று அந்நாட்டு அரசின் வலைத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் ஒரு வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் தளம் என்றால் அது அரசின் தளம் இல்லை என்று மூடிவிடுங்கள். பகலில் போய் இறங்குவதாக டிக்கெட் எடுங்கள். பன்னிரண்டு நாளுக்கும் ஒரே தங்குமிடமாக இருக்கட்டும். மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவானாலும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் தேவைப்படும் நேரத்தில் அந்தக் காப்பீடு கைகொடுக்காது.

கொழுந்தனாருக்கு மரியாதையாகவே ஒரு பதில் இருக்கிறது. அவர் சொன்ன நூற்பா தொல்காப்பியத்தின் அகத்திணையியலில் உள்ளதுதான். தலைவன் பொருள் முதலிய காரணங்களுக்காகப் பிரிந்து போவதை எப்படிப் பாட வேண்டும் என்று சொல்லும் இடத்தில் வருகிறது. கடல் கடந்து போகிறவன் தலைவியை உடன் அழைத்துச் செல்வதாகப் பாடும் மரபு இல்லை என்பது அதன் கருத்து, புலவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஒரு பெண் தானே புறப்பட்டுப் போவதைப் பற்றி அந்த வரி ஒன்றுமே சொல்லவில்லை. கணவன் தன்னை விட்டு விலகியபின் கயிலைக்குத் தலையாலேயே நடந்துபோன காரைக்கால் அம்மையாரை நாம் அறுபத்துமூவரில் ஒருவராக வைத்துக் கும்பிடுகிறோம் என்பதையும் அவருக்கு நினைவுபடுத்துங்கள்.

மகளிடம் கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டும். அவளும் தகப்பனை இழந்தவள்தான். தாயையும் கண்காணாத தூரத்துக்கு அனுப்ப அஞ்சுகிறாள். "நீ வர வேண்டாம்" என்று சொல்லாமல், "இந்த முறை நான் தனியாகப் போகிறேன், அடுத்த முறை நாம் இருவரும்" என்று சொல்லிப் பாருங்கள். தினமும் இரவு ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஒரு செய்தி அனுப்புவதாக ஒப்புக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனில் பேசிக்கொண்டே இருக்க வேண்டாம். பாஸ்போர்ட், காப்பீடு, டிக்கெட், தங்குமிடத்தின் முகவரி ஆகியவற்றின் நகல் அவளிடம் இருக்கட்டும். கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தின் எண்ணைத் தாளில் எழுதிப் பையில் வையுங்கள்.

தன்னலமா என்று கேட்டிருக்கிறீர்கள். காசிக்குப் போனால் தன்னலமில்லை, பினாங்குக்குப் போனால் தன்னலம் என்று சொல்கிறவர்கள், எது கணவருக்காக, எது உங்களுக்காக என்று பிரித்துப் பார்க்கிறார்கள். உங்களுக்காக ஒன்றைச் செய்துகொள்வதற்குத் திதியை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று மட்டும்: வீட்டை விற்பது, மகனோடு போய் நிரந்தரமாகத் தங்குவது போன்ற பெரிய முடிவு எதையும் அந்தப் பன்னிரண்டு நாளில் எடுக்காதீர்கள். அங்கே தோன்றுவதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்து, மாதுங்கா வீட்டில் ஒரு மாதம் இருந்தபின் படித்துப் பாருங்கள்.

கேள்வி: வயது 44, மென்பொருள் துறையில் வேலை. பதினான்கு வருடத் திருமணம் சென்ற ஆண்டு பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்தில் முடிந்தது. ஒன்பது வயது மகள் தாயோடு இருக்கிறாள்; மாதத்தில் இரண்டு வார இறுதிகள் என்னோடு இருப்பாள். வேலையை ராஜினாமா செய்துவிட்டு, சேமிப்பை எடுத்துக்கொண்டு ஆறு மாதம் ஐரோப்பாவில் தனியாகச் சுற்றினால் நான் யார் என்று தெரியும் என நினைக்கிறேன். நண்பர்கள் பாராட்டுகிறார்கள், அம்மா அழுகிறார். உங்கள் கருத்து என்ன? — *வாசகர், முலுண்ட்*

பதில்: தம்பி, உங்கள் அம்மாவின் பக்கம்தான் நான், ஆனால் பயணமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

முதலில் நடைமுறை. நீங்கள் நினைக்கும் ஐரோப்பாவின் பெரும்பகுதி, ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் நாடுகள். சுற்றுலா விசாவில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் அங்கே இருக்க முடியாது. நாடு மாறினாலும் கணக்கு ஒன்றுதான். ஆகவே ஆறு மாதம் என்ற திட்டம் அந்த விசாவில் நடக்காது. விசாவுக்குச் சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு விவரம், அலுவலகத்தின் விடுப்புக் கடிதம் ஆகியவற்றைக் கேட்பார்கள். திரும்பி வருவீர்கள் என்பதற்கு உங்கள் வேலைதான் பெரிய சாட்சி. ராஜினாமா செய்துவிட்டு விண்ணப்பித்தால் அந்தச் சாட்சி போய்விடுகிறது. விசாக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும்.

இதைவிட முக்கியமானது உங்கள் மகள். தாயும் தகப்பனும் பிரிந்த அடுத்த வருடமே, தகப்பனோடு இருக்கும் சனிக்கிழமைகளும் நின்றுபோனால் ஒன்பது வயதுக் குழந்தை அதை எப்படிப் புரிந்துகொள்ளும்? தன்னால்தான் என்று நினைத்துக்கொள்ளும். அந்த வயதுக் குழந்தைகள் அப்படித்தான் நினைக்கிறார்கள். நீங்கள் யார் என்ற கேள்விக்கு ஒரு விடை ஏற்கெனவே மாதம் இரண்டு முறை முலுண்டுக்கு வந்துகொண்டிருக்கிறது.

ஆகவே வேலையில் இருந்துகொண்டே, அவளுடைய இரண்டு வார இறுதிகளுக்கு நடுவே விழும்படி பன்னிரண்டு நாள் விடுப்பு எடுங்கள். அதில் என்ன செய்யலாம் என்று எனக்கு ஒரு யோசனை உண்டு. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் சந்தியாகோ தே கொம்போஸ்தெலா என்ற ஊர் இருக்கிறது. நம் தமிழ்க் கத்தோலிக்கர்கள் சந்தியாகப்பர் என்று அழைக்கும் புனித யாக்கோபின் கல்லறை அங்குள்ள பேராலயத்தில் இருப்பதாக நம்பிக்கை. நூற்றாண்டுகளாக மக்கள் அங்கே நடந்து போகிறார்கள். பிரான்சின் எல்லையிலிருந்து வரும் முழு வழி 780 கிலோமீட்டர் அளவுக்கு நீளும், ஒரு மாதத்துக்கு மேலாகும். கடைசி 100 கிலோமீட்டரையாவது நடந்தவர்களுக்கு யாத்திரைச் சான்றிதழ் தருகிறார்கள். அதனால் பலரும் சாரியா என்ற ஊரிலிருந்து தொடங்கி ஒரு வாரத்துக்குள் முடிக்கிறார்கள். மதம் எதுவானாலும் தடையில்லை. பழனிக்குப் பாதயாத்திரை போனவர்களைக் கேட்டுப் பாருங்கள்: மூன்றாம் நாள் கால் கொப்புளத்தைத் தவிர வேறெதுவும் நினைவில் இருக்காது என்பார்கள். ஒரு வருடமாக வழக்கறிஞர், தாள், கையெழுத்து என்று தலைக்குள்ளேயே வாழ்ந்தவருக்கு, தன் பையைத் தானே சுமந்துகொண்டு நாளைக்கு இருபது கிலோமீட்டர் நடப்பதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. வழியில் தங்கும் விடுதிகளிலும் தேவாலயங்களிலும் யாத்திரை அட்டையில் முத்திரை போட்டுத் தருவார்கள். அந்த அட்டையை மகளுக்கென்று கொண்டு வாருங்கள். கிளம்பும் முன் நாட்காட்டியில் நீங்கள் போகும் தேதியையும் திரும்பும் தேதியையும் அவளையே வட்டமிடச் சொல்லுங்கள்.

நண்பர்களின் பாராட்டுக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கமாட்டேன். அவர்களில் எத்தனை பேர் ராஜினாமா செய்திருக்கிறார்கள்?

கேள்வி: என் மகளுக்கு 27 வயது. திருமணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் நிறுத்திவிட்டார்கள். ஒரு மாதமாகிறது. சரியாகச் சாப்பிடுவதில்லை, இரவில் தூங்குவதில்லை, மருத்துவர் கொடுத்த தூக்க மாத்திரை போட்டுக்கொள்கிறாள். இப்போது தனியாக வியட்நாம் போக வேண்டும் என்கிறாள். எப்போது வருவாய் என்று கேட்டால், "எங்காவது போனால் திரும்பி வரவே வேண்டாம் போலிருக்கிறது" என்கிறாள். அனுப்பலாமா? நானும் கூடப் போகட்டுமா? — *ஒரு தாய், நவி மும்பை*

பதில்: அம்மா, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தனியாகப் பதில் எழுதிவிட்டேன். உங்களைப் போன்ற நிலையில் இருக்கக்கூடிய மற்றப் பெற்றோருக்காகவே இங்கே மறுபடி எழுதுகிறேன்.

இப்போது அனுப்ப வேண்டாம். மாதுங்கா வாசகியைப் போகச் சொன்ன நானே இதைச் சொல்வதற்குக் காரணம், உங்கள் மகள் சொன்ன அந்த ஒரு வாக்கியம். தனிப் பயணம் போகிறவர் திரும்பி வரும் தேதியைச் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். ஊணும் உறக்கமும் கெட்டு, திரும்பி வரவே வேண்டாம் என்று பேசுகிறவரை, மொழி தெரியாத ஊரில் பூட்டிய அறைக்குள் தனியாக விடக்கூடாது.

அவளிடம் நேராகவே கேளுங்கள்: "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா கண்ணம்மா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடுமோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை, கேட்டதால் பாரம் இறங்கியவர்கள்தான் அதிகம். ஆமாம் என்றாலும், பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். அவள் பேச மறுத்தால் நீங்கள் பேசுங்கள், என்ன செய்வது என்று உங்களுக்குச் சொல்வார்கள். தூக்க மாத்திரைப் பட்டையை உங்கள் பொறுப்பில் வைத்துக்கொண்டு, அன்றன்றைக்குரியதை மட்டும் கையில் கொடுங்கள்.

ஆசையை மறுத்துவிடாதீர்கள், தள்ளிப் போடுங்கள். வியட்நாமுக்கு விசாவை இணையத்திலேயே விண்ணப்பித்துச் சில நாளில் பெற்றுவிடலாம். இன்று போகாவிட்டால் கை நழுவிப் போய்விடும் என்ற நிலை இல்லை என்பதை அவளிடம் சொல்லுங்கள். தூக்கமும் பசியும் மாத்திரையில்லாமல் திரும்பி, மருத்துவரும் சரி என்று சொன்னபின், போகும் தேதியையும் வரும் தேதியையும் அவளே குறித்துக்கொண்டு போகட்டும். மாத்திரையோடுதான் போக வேண்டியிருந்தால் எந்த நாடானாலும் மருத்துவரின் சீட்டு கையில் இருக்க வேண்டும். சிங்கப்பூர், துபாய் வழியாகப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அந்நாடுகளில் சில தூக்க மாத்திரைகளுக்கு முன் அனுமதி தேவை. அப்போது நீங்கள் கூடப் போகவும் வேண்டாம். அந்த நாள் வரும்போது அவளைத் தனியாக அனுப்பும் தைரியம் உங்களுக்கும் வந்திருக்கும்.

இந்த வாரம் உங்களால் செய்யக்கூடியது இன்னொன்று உண்டு. அச்சடித்த கல்யாணப் பத்திரிகைகள் வீட்டில் எங்கேயாவது கட்டுக்கட்டாக இருந்தால் அவள் கண்ணில் படாமல் எடுத்துவிடுங்கள். மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம், திருப்பித் தர வேண்டிய நகை, விசாரித்துப் போன் செய்யும் உறவினர்கள் ஆகிய எல்லாவற்றையும் உங்கள் அண்ணனோ தம்பியோ தன் வீட்டில் உட்கார்ந்து பேசித் தீர்க்கட்டும்.